அம்மாவின் காப்பு வேண்டாம், கமராவின் மெனுவைத் திறவுங்கள்

வலிகாமத்திலிருந்து 24 வயதுத் தம்பி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். கடிதத்தின் சுருக்கம் இது:

அப்பா தவில் வித்துவான். தம்பி இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து கலியாணவீடு, சாமத்தியவீடு வீடியோ செய்கிறார். எடுப்பது அவர்கள், வெட்டி ஒட்டுவது இவர். இரவில் பாட்டு வேலை: கோயில்களுக்குப் பக்திப் பாடல், குறும்படத்துக்குப் பின்னணி. அப்பாவின் தவிலை ஒருநாள் ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கையிலிருப்பது 7ஆம் தலைமுறை ஐ5 லாப்டொப், 8 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். மூன்று கமரா வீடியோவை ஒன்றாகப் போட்டால் ஒட்டி ஒட்டி ஓடுகிறது. பாட்டில் இருபது ட்ராக் தாண்டினால் படபடவென்று வெடிக்கிறது. மைக்கில் எப்போதும் ஒரு உறுமல்.

சேமிப்பு ஒன்றரை இலட்சம். கனடாவில் இருக்கும் மாமா இன்னொரு ஒன்றரை தருகிறார். கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலோ 3,80,000 ரூபாய். குறையும் 80,000க்கு அம்மா தன்னுடைய இரண்டு காப்பையும் கழற்றித் தரத் தயார். கேள்விகள் நான்கு. பட்டியல் சரியா? பெரிய கிராபிக்ஸ் கார்ட் போட்டால் பாட்டு வேலையும் கெதியாகுமா? காசுக்குப் பதிலாக, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒரு மாக் மினி கொண்டு வரட்டுமா என்று மாமா கேட்கிறார், எது நல்லது? புதுக் கம்பியூட்டர் வந்தால் உறுமல் போய்விடுமா?

தம்பி, கம்பியூட்டர் பூட்டுவதும் திருத்துவதும் எனக்குத் தொழில். ஒலிப்பதிவு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் இரண்டு பக்கத்துப் பிழைகளையும் என் காசிலேயே செய்து பார்த்திருக்கிறேன். நான்காவது கேள்விக்குப் பதில் முதலிலேயே: போகாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். மற்ற மூன்றுக்கும் பதில் சொல்வதற்கு முன் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "சோனி ஏ7 ஃபோரில் எடுத்ததைப் போட்டால்தான் கூட ஒட்டுகிறது, ஏ6400 இரண்டும் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கமரா என்ன எழுதுகிறது?

கமரா வீடியோவைச் சுருக்கித்தான் கோப்பாக எழுதும், வெட்டும்போது கம்பியூட்டர் அதைத் திரும்ப விரிக்க வேண்டும். எச்.264, எச்.265 என்பவை சுருக்கும் முறைகள். 8 பிட், 10 பிட் என்பது நிறத்துக்கு எத்தனை படி என்பது. 4:2:0, 4:2:2 என்பது நிற விவரம் எவ்வளவு எழுதப்படுகிறது என்பது, இரண்டாவதில் கூட. ஏ6400 எழுதுவது எச்.264, 8 பிட், 4:2:0. பத்து வருசத்துக்குள் வந்த எந்தக் கம்பியூட்டரிலும் அதை விரிப்பதற்கென்றே ஒரு சின்னப் பகுதி சிப்புக்குள் இருக்கும். ஏ7 ஃபோரில் 10 பிட், 4:2:2 என்ற தெரிவும் உண்டு. உங்கள் கூட்டாளி அதைத்தான் தெரிவு செய்து வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். படத்துக்கு அது நல்லது, நிறத்தை இழுத்துத் திருத்த இடம் கூட. ஆனால் எச்.264இல் 10 பிட் 4:2:2 வந்தால் உங்கள் லாப்டொப்பில் அதை விரிக்கும் பகுதி கிடையாது. முழுப் பாரமும் இரண்டே கோர் உள்ள பிராசசர் தலையில் விழுகிறது. மூன்று கமராவில் ஒன்று இப்படி இருந்தால் போதும், மற்ற இரண்டும் அதோடு சேர்ந்து நொண்டும்.

இப்போது கடைப் பட்டியலைப் பாருங்கள். பிராசசர் கோர் ஐ7 12700எஃப், கிராபிக்ஸ் கார்ட் பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060. அந்த 'எஃப்' எழுத்தைச் சும்மா விட்டுவிடக் கூடாது. உள்ளே கிராபிக்ஸ் இல்லாத சிப் என்று அர்த்தம். இன்டெல் சிப்பின் உள் கிராபிக்ஸ் 11ஆம் தலைமுறையிலிருந்து எச்.265 10 பிட் 4:2:2ஐ நேரடியாக விரிக்கும். 'எஃப்' வாங்கினால் அது போய்விடும். ஆர்டிஎக்ஸ் 3060 ஆவது விரிக்குமா? 4:2:2ஐ விரிக்காது. அந்தக் கார்ட்டைச் செய்யும் என்விடியா அதைச் சேர்த்ததே 2025இல் வந்த 50 வரிசையில்தான். ஆக 3,80,000 கொடுத்து, காப்பையும் அடகு வைத்து வாங்கும் பெட்டியில், உங்கள் ஒட்டலுக்குக் காரணமான அந்த ஒரு வேலைக்கென்று எந்தப் பகுதியுமே இருக்காது. 12 கோர் இருப்பதால் இப்போதையை விட நன்றாக ஓடும், மெய்தான். அது பலத்தால் தள்ளுவது.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் வருகிற பெடியளில் அநேகம் பேர் கேம் விளையாடுகிறவர்கள். 'எடிட்டிங்' என்று நீங்கள் சொன்னதும் அதே பட்டியலில் ராமை மட்டும் கூட்டி எழுதிக் கொடுத்திருப்பார். கமரா எந்த வடிவத்தில் எழுதுகிறது என்று நீங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இனிச் செலவில்லாத வைத்தியம். ஏ7 ஃபோரின் மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ் 4கே (எச்.264 கோப்பு), 25பி (நொடிக்கு 25 ஃபிரேம்) என்று வைத்து, பதிவுத் தரத்தில் 100எம் 4:2:0 8பிட்டைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். மூன்று கமராவும் ஒரே சாதிக் கோப்பாகிவிடும். கலியாண மண்டபத்தில் எஸ்-லொக்3 (பிறகு நிறம் ஏற்றுவதற்காக வெளிறலாக எடுக்கும் முறை) பாவிக்கிறார் என்றால் 8 பிட்டில் அதை விட்டுவிட வேண்டும். மணவறைக்குப் பின்னால் உள்ள வெள்ளைச் சுவரில் நிறம் படிபடியாக வரி விழும். எஸ்-சினிடோன் போன்ற, நேராகவே நிறம் தரும் ஒன்றை வைத்தால் போதும். பெண் வீட்டார் அல்பத்தையும் பென் ட்ரைவையும் கேட்பார்களே தவிர 10 பிட்டைக் கேட்கப் போவதில்லை.

குறும்படத்துக்கு 10 பிட் வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, எக்ஸ்ஏவிசி எச்எஸ், அதாவது எச்.265. நாங்கள் 50 ஹேர்ட்ஸ் நாட்டில் பால் (PAL) முறையில் எடுப்பதால் அந்தக் கமராவில் 4கேயில் அது 50பியில்தான் கிடைக்கும். மற்றது, ப்ரொக்ஸி. எடுத்த கோப்புக்குச் சின்னப் பிரதி ஒன்றை இரவில் செய்யவிட்டு, அதை வைத்து வெட்டி, கடைசியில் மூலத்தோடு இணைப்பது. பிரீமியர், டாவின்சி ரிசோல்வ் என்ற இரண்டு வெட்டும் மென்பொருட்களிலும் இந்த வசதி இருக்கிறது. பழைய லாப்டொப்பிலும் கூட இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

பாட்டு கேட்பது வேறு

கிராபிக்ஸ் கார்ட் போட்டால் பாட்டும் கெதியாகும் என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை தம்பி. ஒலி மென்பொருட்கள் அநேகமாக எல்லாக் கணக்கையும் பிராசசரிலேயே போடுகின்றன. ஒரு ட்ராக்கில் அடுக்கிய எஃபெக்ட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்குப் பார்க்க முடியும். அதனால் கோர் எத்தனை என்பதோடு ஒரு கோர் தனியாக எவ்வளவு வேகம் என்பதும் முக்கியம். ஐ7க்குப் பதில் 6 கோர் உள்ள ஐ5 12400 எடுத்தாலும் உங்கள் இருபது, நாற்பது ட்ராக் பாட்டு களைக்காது.

படபடவென்று வெடிப்பதற்குப் பெரும்பாலும் வேறு காரணம். பிராசசர் ஒலியைச் சின்னச் சின்னக் கட்டாகச் செய்து அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். 48 கிலோஹேர்ட்ஸில் 256 சாம்பிள் என்று வைத்தால் ஒரு கட்டுக்கு 5.3 மில்லிசெக்கன். அதற்குள் கணக்கு முடியாவிட்டால் இடையில் ஓட்டை விழும், அதுதான் அந்தச் சத்தம். பாடுபவரைப் பதிவு செய்யும்போது 128 அல்லது 256, கலவை செய்யும்போது 1024 என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நீங்கள் எப்போதும் 128இல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைக் கூட்டிப் பாருங்கள்.

5.3 மில்லிசெக்கன் என்றால் எவ்வளவு என்று பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் ஒலி காற்றில் இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போகும். கோயில் வீதியில் நாதஸ்வரக்காரருக்கும் அப்பாவுக்கும் இடையில் அவ்வளவு தூரம் இருக்கும். அவர்கள் என்ன தாளம் தப்பியா வாசிக்கிறார்கள்? உள்ளே போவதும் வெளியே வருவதும் சேர்ந்து இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், அதுதான் பாடுபவருக்கு இடைஞ்சல். அதற்குத்தான் நல்ல ஓடியோ இன்ரஃபேஸ்களில் (மைக்கைக் கம்பியூட்டரோடு இணைக்கும் பெட்டி) மைக்கின் ஒலியைக் கம்பியூட்டருக்குப் போகாமலே ஹெட்போனுக்குத் தரும் ஒரு திருகு இருக்கிறது.

ஓடியோ இன்ரஃபேஸ்! உங்கள் கடைப் பட்டியலில் அதைக் காணவே இல்லை. கண்ணாடிப் பெட்டியும் ஆறு கலர் விசிறியும் இருக்கின்றன. இசைக்கென்று வாங்கும் கம்பியூட்டரில் ஒலி உள்ளே போகும் வாசலையே விட்டுவிட்டார்கள். இரண்டு மைக் போடக்கூடிய, சில மைக்குகளுக்குத் தேவையான 48 வோல்ட் கொடுக்கக்கூடிய, தயாரித்த கம்பனியே தனக்கென்று ஏசியோ ட்ரைவர் (விண்டோஸில் ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) எழுதிய ஒன்றாகப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் விசாரியுங்கள். ஒரே கம்பனியின் மலிவு மொடலுக்கு அந்த ட்ரைவர் இருக்காது, அடுத்த மொடலுக்கு இருக்கும். பெஹ்ரிங்கர் யூஎம்சி22க்கும் யூஎம்சி202எச்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2வும் நல்ல தெரிவு. தவிலுக்கு ஒற்றை மைக் பற்றாது. வலந்தலை என்ற ஒரு முகத்தில் கூடு போட்ட விரல், தொப்பி என்ற மறு முகத்தில் கழி, இரண்டும் இரண்டு உலகம். அதனால்தான் இரண்டு வாசல் வேண்டும் என்கிறேன்.

பட்டியலில் நான் வெட்டுவதும் சேர்ப்பதும்

பிராசசர் ஐ5 12400, 'எஃப்' இல்லாதது. உள் கிராபிக்ஸோடு வரும். பலகை (மதர்போர்ட்) பி660 அல்லது பி760, டிடிஆர்4 ராம் போடும் வகை. ராம் போட நான்கு இடமும், என்விஎம்இ (பலகையில் நேராகச் செருகும் வேகமான எஸ்எஸ்டி) போட இரண்டு இடமும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

ராம் 32 ஜிபி, ஆனால் இரண்டு 16 ஆக. பட்டியலில் ஒற்றை 16 இருக்கிறது. ஒற்றைக் குச்சி போட்டால் ஒரு பாதைதான் திறக்கும், உள் கிராபிக்ஸ் அதிலேயே மூச்சு முட்டும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருப்பதால் பாவித்த டிடிஆர்4 ராம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளைப் போட்டு ஒரு இரவு ஓட விடுங்கள். காலையில் ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுங்கள்.

சேமிப்புக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100எம், அதாவது நொடிக்கு 100 மெகாபிட், என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. மூன்று கமரா, நான்கு மணித்தியாலச் சாமத்தியவீடு: 540 ஜிபி. கடைக்காரர் எழுதியிருப்பது 512 ஜிபி எஸ்எஸ்டி. ஒரு வீட்டு விசேஷமே கொள்ளாது! இசையோ இதற்கு எதிர்மாறு. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு ட்ராக் ஒரு மணித்தியாலத்துக்கு அரை ஜிபிதான் வரும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு 1 டிபி என்விஎம்இ, முடிந்த வேலைக்கு 4 டிபி சுழலும் ஹார்ட் டிஸ்க். அந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். வாடிக்கையாளரிடம் கொடுத்து முடியும்வரை கமரா கார்ட்டை அழிக்காமல் வைத்திருங்கள். ஒரு மணப்பெண்ணின் தாலிகட்டு அழிந்துபோய், திருத்தித் தாருங்கள் என்று என்னிடம் கொண்டு வந்தார்கள். நான் இரண்டு நாள் மினக்கெட்டும் வரவில்லை. அந்த வீட்டுக்கு அதைச் சொல்லப் போனது நான் இல்லை, ஆனாலும் அந்த முகங்களை நினைத்துப் பார்த்தேன்.

பவர் சப்ளை. இதில் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். பெட்டியோடு சும்மா வரும் '500 வாட்ஸ்' என்பது ஸ்டிக்கரில்தான் 500. 12700எஃப் முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 3060 இன்னொரு 170. சித்திரை மாதப் புழுக்கத்தில், இரவு இரண்டு மணிக்கு ரெண்டர் (வெட்டி முடித்த வீடியோவைக் கோப்பாக்குவது) போட்டுவிட்டுப் படுத்தால், அந்தப் பெட்டி தான் மட்டும் சாகாது, பலகையையும் கூட்டிக்கொண்டு போகும். பெயருள்ள கம்பனியின் 550 வாட், 80 பிளஸ் பிரோன்ஸ் தரம் உள்ளதைத் தனியாக வாங்குங்கள்.

165 ஹேர்ட்ஸ் மொனிற்றரை வெட்டுங்கள். உங்கள் வீடியோ 25 அல்லது 50 ஃபிரேம். வீட்டில் இருக்கும் 24 அங்குலம் இன்னும் ஒரு வருசம் ஓடும். கண்ணாடிப் பெட்டியையும் வெட்டுங்கள். முன்பக்கம் வலை போட்ட சாதாரணப் பெட்டி, அதில் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி. உங்கள் பக்கம் செம்மண். ஒரு வருசம் திறக்காத கம்பியூட்டரைத் திறந்தால் விசிறி செங்கல் நிறத்தில் இருப்பதை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

அப்புறம் கிராபிக்ஸ் கார்ட். அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதுதான் பிறகு பூட்டுவதற்கு மிக இலகு. ஒரு சீசன் காசு வந்ததும் கழற்றாமல் கொள்ளாமல் செருகலாம். அதுவரை உள் கிராபிக்ஸில், ஃபுல் எச்டி டைம்லைனில் வெட்டுங்கள். பாரமான எஃபெக்ட்டுகள் ஓடாது, வெட்டல் ஓடும். மூன்று இலட்சத்துக்குள் இடம் மிஞ்சினால் இப்போதே வாங்கலாம். 8 ஜிபிக்குக் குறையாத கார்ட் ஒன்று பாருங்கள். பாவித்த 3060 மோசமில்லை, அதன் 12 ஜிபி ரிசோல்வுக்கு நல்ல தீனி. ஆனால் அந்தக் கார்ட் வந்தது 2021இல். எத்தேரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டுவதற்கு 2022 செப்ரெம்பர் வரை இப்படியான கார்ட்டுகளை இரவு பகலாக ஓட விட்டார்கள். எது எங்கிருந்து வந்தது என்று கார்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடையிலேயே அரை மணித்தியாலம் பாரம் கொடுத்து ஓட்டி, சூட்டையும் விசிறிச் சத்தத்தையும் கவனித்து, எழுத்தில் உத்தரவாதம் தந்தால் மட்டும் எடுங்கள்.

மாமாவின் மாக் மினி

இது நல்ல யோசனை. 2024 நவம்பரில் வந்த எம்4 மாக் மினியில் குறைந்த மொடலே 16 ஜிபி ராமோடு வருகிறது. அந்தச் சிப்பிலுள்ள வீடியோப் பகுதி எச்.265 10 பிட் 4:2:2ஐச் சிரமமில்லாமல் விரிக்கும். சத்தம் கிட்டத்தட்ட இல்லை, ஒலிப்பதிவு அறைக்கு அது பெரிய கொடை. கனடாவில் 120 வோல்ட் என்று யோசிக்க வேண்டாம், அதன் உள் பவர் சப்ளை 240 வரை தாங்கும். வயரை மட்டும் இங்குள்ள பிளக்குக்கு மாற்றினால் சரி.

எதிர்ப் பக்கம்: ராமை ஒருபோதும் கூட்ட முடியாது. குறைந்த மொடலின் 256 ஜிபி உங்கள் வேலைக்கு அரை நாள், ஆகவே வெளி எஸ்எஸ்டி கட்டாயம். பழுதானால் யாழ்ப்பாணத்தில் அதன் பலகையைத் திருத்துகிறவர்கள் குறைவு. உங்கள் கூட்டாளிகள் எல்லாரும் விண்டோஸ், நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பிளகின்களும் (பாட்டு மென்பொருளில் செருகும் துணை மென்பொருட்கள்) விண்டோஸுக்கானவை. வீடியோ மட்டும் தொழில் என்றால் 'மாமா, கொண்டு வாங்கோ' என்று சொல்லச் சொல்லியிருப்பேன். இரண்டும் செய்கிற, பகுதி பகுதியாக வளர்க்க வேண்டிய உங்களுக்குப் பூட்டிய கம்பியூட்டர்தான் தோது. மாமா கையோடு ஏதாவது கொண்டுவர ஆசைப்பட்டால் ஓடியோ இன்ரஃபேஸைக் கேளுங்கள். பாரமில்லை, யூஎஸ்பியில் ஓடுவது, பிளக் பிரச்சினை இல்லை. உத்தரவாதம் கனடாவோடு நின்றுவிடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுமலும் கரண்டும்

லாப்டொப் சார்ஜரைக் கழற்றினால் உறுமல் குறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது கம்பியூட்டரின் வேகக் குறைவால் வருவதில்லை, எர்த் பிரச்சினை. 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் மைக் வயருக்குள் வந்து பாடுகிறது. பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவைக் கம்பியூட்டர் கணக்கிலேயே போடுங்கள். உறுமல் போக வேண்டும் என்று எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. செய்துவிடாதீர்கள், உயிர் ஆபத்து. கம்பியூட்டர், இன்ரஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே பிளக்கிலிருந்து வரட்டும். மைக்குக்கு எக்ஸ்எல்ஆர் வயர் (மூன்று பின் உள்ளது) பாவியுங்கள்.

யூபிஎஸ் கட்டாயம். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததாகச் சொன்னார்கள், முழு நாடும் இருண்டது. ரெண்டர் நடுவில் நிற்பது பெரிய விஷயமில்லை, மறுபடி போடலாம். ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால்தான் வினை. 1000 விஏ அளவில், வோல்ட் ஏறி இறங்குவதைச் சமப்படுத்தும் லைன் இன்ரறாக்டிவ் வகை போதும். அது தரும் பத்துப் பதினைந்து நிமிடம் வேலை செய்வதற்கல்ல, சேமித்து மூடுவதற்கு. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் யூபிஎஸ்ஸையும் நம்ப வேண்டாம். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள், இன்ரநெற் வயரையும் சேர்த்து.

பற்றுச்சீட்டு, மென்பொருள், காப்பு

எழுதித் தந்த விலைக்குள் 18 வீத வற் வரி அடங்குமா என்று கேளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் இலக்கமும் உத்தரவாதக் காலமும் பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தகராறு வந்தால் அந்தச் சபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் கூப்பிடலாம், முறைப்பாட்டைத் தாமதிக்காமல் எழுத்தில் கொடுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு இரவு பஸ் ஏறினால் மலிவு என்று நினைப்பீர்கள். சிலவேளை மெய்தான். ஆனால் பழுதான பாகத்தோடு ஆவணி முகூர்த்தச் சீசனில் திரும்ப பஸ் ஏறுவது யார்? இங்குள்ள கடை கொஞ்சம் கூட எடுத்தாலும், பழுதானால் தாங்களே கொழும்புக்கு அனுப்பி எடுத்துத் தருவோம் என்று எழுதித் தந்தால் அந்த வித்தியாசத்துக்குப் பெறுமதி உண்டு.

களவாக எடுத்த மென்பொருளில் வேலை செய்வதாக வெட்கப்பட்டு எழுதியிருந்தீர்கள். கம்பியூட்டர் மென்பொருளும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் வருகிறது. சட்டத்தை விடவும் எனக்குப் பயம், அந்த 'கிராக்' கோப்பைத் திறக்க வைரஸ் காவலை நிறுத்தச் சொல்கிறார்களே, அதுதான். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு அல்ட்ரா எச்டி வரை, நொடிக்கு 60 ஃபிரேம் வரை, 8 பிட் கோப்புகளைக் கையாளும். கமராவை 8 பிட்டுக்கு மாற்றச் சொன்னதில் இந்த ஆதாயமும் ஒளிந்திருக்கிறது. பிறகு தேவைப்பட்டால் ஸ்ரூடியோப் பதிப்பு 295 டொலர், ஒருமுறை கட்டினால் போதும். பாட்டுக்கு ரீப்பர் என்ற மென்பொருள். 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், உங்களைப் போன்ற சின்னத் தொழிலுக்கு உரிமம் 60 டொலர். பழைய லாப்டொப்பை விற்க வேண்டாம், அதற்குக் கிடைக்கும் காசு பெரிதில்லை. ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு மண்டபத்தில் கமரா கார்ட்டில் உள்ளதை இறக்க வைத்திருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டதால் இன்ரநெற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

இனிக் காப்பு. அடகு வைத்த நகைக்கு மாதாமாதம் வட்டி ஏறும். நீங்கள் வாங்கும் கம்பியூட்டரின் பெறுமதி மாதாமாதம் இறங்கும். சீசன் இல்லாத மார்கழியில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் அம்மா. நான் மேலே வெட்டிய ஐ7, மொனிற்றர், கண்ணாடிப் பெட்டி மூன்றையும் கழித்தாலே அந்த 80,000இல் பெரும்பகுதி காணாமல் போகும். அதன் பிறகும் காசு குறைந்தால் கிராபிக்ஸ் கார்ட்டை அடுத்த சீசனுக்குத் தள்ளுங்கள். அதுவும் பற்றாவிட்டால் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதம் பிந்தி வாங்கலாம். பவர் சப்ளை, யூபிஎஸ், இன்ரஃபேஸ் மூன்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று கமராவிலும் ஒரு நிமிட வீடியோ எடுத்துப் பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், அங்கு ஐ5 12400 பூட்டிய கம்பியூட்டர் ஏதாவது இருந்தால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏ7 ஃபோரின் 8 பிட், 10 பிட் இரண்டையும் கொண்டு போங்கள், கடைக்காரரும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அப்பாவின் தவிலை முதலில் பதிவு செய்யும்போது, அவர் உச்சமாக அடிக்கும் இடத்தில் ஒலி அளவு காட்டும் மீற்றர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி இன்ரஃபேஸின் திருகை வையுங்கள். சோதனைக்கு மெல்ல அடித்துவிட்டுப் பதிவில் வேகமெடுப்பார்கள், எல்லா வித்துவான்களும் அப்படித்தான். மைக்குகளை எங்கே வைப்பது என்பது தனிக் கதை. எர்த் பார்க்க ஆள் வந்து போனதும் எழுதுங்கள், அதைக் கதைப்போம்.